பிரேக் பேட் மாற்றினால் ஏர் எடுக்கத்தான் வேண்டுமா? கோவைப் பட்டறை ஒன்றின் அனுபவம்

பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் என் ஸ்விஃப்ட் காரின் முன்சக்கரத்திலிருந்து கீச்சென்று சத்தம் வரத் தொடங்கியதால், குன்னூர் மலைப்பாதையில் ஏறுவதற்கு முன்பே சரிசெய்துவிட எண்ணி, சிங்காநல்லூரில் உள்ள ஒரு சிறிய பட்டறைக்குச் சென்றேன். முன்பு காரை விட்டுவந்த பெரிய சர்வீஸ் நிலையத்தில், பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்வி நிறுத்தும் பட்டை) மாற்றும் ஒவ்வொரு முறையும் ‘ஏர் எடுத்த கூலி’ என்று, அதாவது பிரேக் ஆயில் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றியதற்கென்று, பில்லில் தனியாக ஒரு வரி இருக்கும்; நானும் கேள்வி கேட்காமல் கட்டிவந்தேன்.

இந்தப் பட்டறைக்காரர் பழைய பேடைக் கழற்றி என் கையிலேயே கொடுத்தார். புதிதில் ஏறத்தாழ 10 மி.மீ. இருக்கும் பட்டை 2 மி.மீ. அளவுக்குத் தேய்ந்து, தேய்மானத்தை அறிவிப்பதற்கென்றே வைத்திருக்கும் தகடு டிஸ்க்கில் உரசிக்கொண்டிருந்தது. பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரை, அதற்கு ஆயில் கொண்டுவரும் குழாயான ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவைத்தார். புது பேடுக்கு இடம்விட, பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலேறும் பிரேக் ஆயில் வழிந்து பெயின்ட்டைக் கெடுத்துவிடாதபடி, டப்பாவிலிருந்து கொஞ்சம் முன்கூட்டியே உறிஞ்சி எடுத்தார்.

ஏர் எடுக்க வேண்டாமா என்று கேட்டேன். லைனை எங்குமே கழற்றாதபோது காற்று எப்படி உள்ளே போகும் என்று திருப்பிக் கேட்டார். ஹோஸ், காலிப்பர், பின்சக்கர சிலிண்டர் ஆகியவற்றில் ஒன்றைப் பிரித்திருந்தாலோ, பெடல் பஞ்சுபோல் அமுங்கினாலோதான் அந்த வேலைக்கு அவசியம் வரும். பேட் மாற்றியவுடன் பெடல் அடிவரை போவது, பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் இன்னும் பேடைத் தொடாததால்தான். சில முறை மிதித்து அது கெட்டியான பிறகே காரை நகர்த்தவிட்டார்.

ஆனால் பிரேக் ஆயில் மாற்றி மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. டாட் 4 என்னும் தரத்து பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்; ஈரத்தை உறிஞ்சிய பின் அது 155 டிகிரி அளவுக்கும் இறங்கக்கூடும். நீண்ட இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால், மிதித்தும் பயனில்லை. மலைப் பயணத்தைச் சொன்னதும் அவரே ஆயிலை மாற்றச் சொன்னார். உதவியாளர் பெடலை மிதித்துப் பிடிக்க, இவர் ஆயிலை வெளியே விடும் நிப்பிளைத் திறந்து மூடி, டிக்காஷன் நிறத்தில் வந்த ஆயில் தெளியும்வரை நான்கு சக்கரங்களிலும் எடுத்தார். இதற்கான கூலியை மனமுவந்து கொடுத்தேன்.

குறையும் உண்டு. டிஸ்க்கின் தடிமனை நான் கேட்ட பிறகே அளந்தார். புது பேட் டிஸ்க்கோடு படியும்வரை, அவசரம் இல்லாத நேரத்தில் பிரேக்கை ஓங்கி அழுத்தக் கூடாது என்பதையும் அவராகச் சொல்லவில்லை. உட்காரக்கூட இடமில்லாமல் அரை நாள் வேப்பமர நிழலில் நின்றேன்.

அடுத்த வாரம் குன்னூரிலிருந்து கல்லாருக்கு இரண்டாவது கியரில் இறங்கினேன். முதல் கொண்டை ஊசி வளைவில் காலுக்குக் கிடைத்த பெடல் உயரம் கடைசி வளைவிலும் அப்படியே இருந்தது.