நெளிமுடிக்குத் தினமும் ஷாம்புவா, வாரம் இருமுறையா?

இடுப்புவரை நெளிந்து இறங்கும் கூந்தலைத் தினமும் அலசுபவர்களும் தருமபுரியில் உண்டு. வாரம் இருமுறை போதும் என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. உச்சந்தலையில் சுரக்கும் எண்ணெய், நெளிவுகளைத் தாண்டி நுனிக்கு இறங்கவே நாளாகும். தினசரி ஷாம்பு அதை வழியிலேயே துடைத்துவிடுகிறது. போதாக்குறைக்கு ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர்: வாளியில் வெள்ளைப் படிவு, சோப்பு நுரைக்காது, முடிநுனி துடைப்பம். கடைசியாக ஒரு குடம் ஒகேனக்கல் நீர் ஊற்றினால் வித்தியாசம் தெரியும் (குடிக்க வரும் தண்ணீரில் தலை அலசினால் மாமியார் சும்மா விடுவாரா என்பது வேறு கதை).

சித்திரை வெயிலில் பஸ்ஸில் போய் வருபவர்களுக்கும் எண்ணெய் வழியும் தலைக்கும் தினசரி அலசலில் நியாயம் இருக்கிறது. ஷாம்புவை வேர்க்காலோடு நிறுத்தினால் போதும். மார்கழி ஓசூரில் அதுவும் வேண்டாம். பின்னலுக்குள் ஈரம் மாலைவரை காயாது.