வேட்பாளர் விவரச் செயலி: சேலத்திலிருந்து ஒரு மதிப்புரை

2024 ஏப்ரல் 19 வாக்குப்பதிவுக்கு முந்தைய வாரங்களில், செவ்வாய்ப்பேட்டைத் தேநீர்க் கடைகளில் உருக்காலையின் எதிர்காலம், விமான நிலையம், எட்டுவழிச் சாலை என்று விவாதம் சூடாகவே நடந்தது. அவ்வேளையில் எனக்கு மிகவும் கைகொடுத்தது தேர்தல் ஆணையத்தின் 'கேஒய்சி' (Know Your Candidate, 'உங்கள் வேட்பாளரை அறியுங்கள்') செயலி.

இலவசமாகக் கிடைக்கும் இச்செயலியில் வேட்பாளரின் பெயரைத் தேடினால், குற்றப் பின்னணி உண்டா இல்லையா என்பது உடனே தெரியும்; படிவம் 26 பிரமாணப் பத்திரத்தைத் திறந்தால், அவருடைய சொத்துடன் வாழ்க்கைத் துணையின் சொத்து, கடன், நிலுவை வழக்குகள், கல்வித் தகுதி ஆகியவற்றையும் அவர் கையொப்பமிட்ட வாக்குமூலமாகவே படிக்கலாம். கட்சித் தொண்டர்களின் வாய்ச்சொல்லைவிட இது எவ்வளவோ மேல்.

ஏற்காட்டு நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மாவட்டம் சேலமானாலும் ஏற்காடு சட்டமன்றத் தொகுதி கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதிக்குள் வருவதால், அத்தொகுதியின் வேட்பாளர்களையே தேட வேண்டும்.

ஆனால், பதவியில் இருந்தவர் என்ன செய்தார் என்பதை இச்செயலி சொல்லாது. வருகைப்பதிவையும் எழுப்பிய கேள்விகளையும் மக்களவை இணையதளத்தில்தான் பார்க்க வேண்டும். அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிடுவதில்லை என்பதால் அவர்களை அந்த அளவுகோலால் எடைபோடக் கூடாது. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி எங்கே செலவானது என்பதையும் இதே செயலியில் இணைத்தால், இதை வீட்டுக்கு வீடு பரிந்துரைப்பேன்.