ஷெல்ஃப் பின் ஜிக்: தகடு சரி, பிட்தான் படுத்துகிறது

புத்தக அலமாரி செய்யப் போகிற நண்பர், "உங்களிடம் இருக்கிற ஜிக்கையே நானும் வாங்கிவிடவா?" என்று கேட்டார். தட்டுகளைத் தாங்கும் சிறு பின்களுக்காகப் பக்கப் பலகையில் வரிசையாக ஓட்டை போட உதவும் துளைத் தகடுதான் இந்த ஜிக். அதில் துளையிடுகிற ஸ்பிரிங் பிட்டை இப்போதுதான் மாற்றியிருந்தேன். அதே சூட்டில் எழுதுகிறேன்.

தகட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 32 மி.மீ. இடைவெளி கடைசி வரை பிசகாது. ஒரு வரிசை முடிந்ததும் கடைசி ஓட்டையில் பின்னைச் செருகி, ஜிக்கை மேலே நகர்த்தித் தொடரலாம். கீழ்முனை எது என்று தகட்டில் குறித்துவிட்டு, இரண்டு பக்கப் பலகைகளிலும் அங்கிருந்தே தொடங்கினால் போதும். நாலு பின்னில் ஒன்று மட்டும் கொஞ்சம் ஏறினாலும் தட்டு ஆடும். என் அலமாரிகளில் எந்தத் தட்டும் ஆடியதில்லை.

தொல்லையெல்லாம் அந்த ஸ்பிரிங் பிட்டில்தான். 5 மி.மீ. பிட்டைச் சுற்றி ஓர் உறை. உறையின் கூம்பு முனை ஜிக் துளையில் உட்கார்ந்து பிட்டை நடுவில் நிறுத்தும். அழுத்தினால் பிட் மட்டும் இறங்கும். பிளைவுட்டில் பரவாயில்லை. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் மாவு மாதிரி தூள் உறைக்குள் அடைத்து, உறை கீழே இறங்காமல் மேலேயே நின்றுவிடும். பிட் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்படியே அடுத்த துளைக்குப் போனால் மையம் போச்சு. சுழல்கிற பிட் ஜிக் துளையின் ஓரத்தையும் கடிக்கும். ஆகவே நாலைந்து ஓட்டைக்கு ஒருமுறை நிறுத்து, தட்டு, ஊது. எண்ணெய் விட்டால் இன்னும் மோசம், தூள் பசையாக ஒட்டிக்கொள்ளும். புது பிட்டும் இதே கதைதான். எரிச்சலாக வருகிறது!

நியாயமாகச் சொன்னால், ஆழத்தில் அது ஏமாற்றியதில்லை. 18 மி.மீ. பலகையில் 10 மி.மீ. என்று வைத்தால் எல்லா ஓட்டையும் 10தான், மறுபக்கம் பொத்துக்கொண்டு வராது. லேமினேட்டிலும் ஓட்டையின் விளிம்பு சிலும்பாமல் சுத்தமாக இருக்கிறது.

இருந்தாலும் நண்பரிடம் வேண்டாம் என்றே சொன்னேன். துளைகளில் எஃகு புஷ் (குழல் வளையம்) பதித்த ஜிக்கும், நடுவில் கூர்முனை உள்ள சாதாரண மரப் பிட்டும், ஆழத்துக்கு பிட்டில் மாட்டும் ஸ்டாப் காலர் வளையம் ஒன்றும் போதும். தூள் பிட்டின் சுருள் வழியே தானாக வெளியே வரும். அப்புறம், பின் 5 மி.மீ.யா கால் அங்குலமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கால் அங்குல ஓட்டையில் 5 மி.மீ. பின் லொடலொடவென்று ஆடும்.

"உங்கள் அலமாரி எல்லாம் நன்றாகத்தானே நிற்கிறது?" என்றார். நிற்கிறது. ஆனாலும் அந்த பிட்டை இன்னொரு முறை காசு கொடுத்து வாங்க மாட்டேன்.