டிக் வெல்டிங்: மெஷின் வாங்கும் முன் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க வேண்டியவை

டிக் (TIG) வெல்டிங்கில் டார்ச்சில் செருகிய டங்ஸ்டன் முனைக்கும் தகட்டுக்கும் நடுவில் மின்வில், அதாவது ஆர்க், எரியும்; டார்ச் வாயிலுள்ள கப் வழியாக வரும் ஆர்கான் வாயு காற்று படாமல் காக்கும்; நிரப்புக் கம்பியை மறு கையால் கொடுப்போம். இந்த டிக் மெஷின் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை ஆம்ப் எடுக்கலாம்?" என்றுதான். இருப்பதிலேயே சுலபமான கேள்வி அது. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதா இரும்பு) தகட்டில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குச் சுமார் 40 ஆம்ப் என்பது கைக்கணக்கு. 3 மி.மீ. தகட்டுக்கு 120 ஆம்ப். ஆக, வீட்டுப் பட்டறையில் 200 ஆம்ப் மெஷின் இருந்தால் ஏறக்குறைய எல்லா வேலையும் நடந்துவிடும். யோசிக்க வேண்டியது அதற்கு அப்புறம் வருகிறவற்றை. டி.சி. மட்டும் போதுமா, ஏ.சி.யும் வேண்டுமா? ஆர்க்கை எப்படிப் பிடிப்பது? கரன்ட்டைக் காலால் ஆள்வதா, விரலாலா? எந்த டங்ஸ்டன், எந்தக் கப்?

இவற்றை ஒப்பிடும்போது நான் ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்கிறேன்: இதைப் பின்னால் மாற்றிக்கொள்ள முடியுமா? டங்ஸ்டனையும் கப்பையும் நாளைக்கே மாற்றலாம். மெஷினுக்குள் இல்லாத ஏ.சி.யையோ பெடல் சாக்கெட்டையோ பிறகு சேர்ப்பது நடக்காத காரியம். பணத்தை எங்கே போடுவது என்பது பெரும்பாலும் இதிலேயே முடிவாகிவிடும்.

டி.சி. மட்டுமா, ஏ.சி.யும் சேர்ந்ததா

எம்.எஸ்., எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), செம்பு, டைட்டானியம் எல்லாவற்றுக்கும் டி.சி. போதும். ஏ.சி. வேண்டியிருப்பது அலுமினியத்துக்கும் மெக்னீசியத்துக்கும். காரணம் மேல் தோல். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கும் மேல் வேண்டும். டி.சி.யில் அடித்துப் பாருங்கள்: உள்ளே உலோகம் தண்ணீராகிவிடும், மேலே தோல் மட்டும் சுருங்கிய பை மாதிரி நிற்கும். இரண்டு ஓரமும் உருகிப் பக்கத்தில் பக்கத்தில் நிற்குமே தவிர ஒன்றோடொன்று சேராது. கொஞ்சம் தாமதித்தால் பை கிழிந்து மொத்தமும் கீழே விழும்.

டங்ஸ்டன் பாசிட்டிவாக இருந்தால் ஆர்க் அந்தத் தோலை உரித்துவிடும். ஆனால் சூட்டின் பெரும்பங்கு டங்ஸ்டனுக்குப் போய், முனை உருகத் தொடங்கும். நெகட்டிவாக வைத்தால் சூடு வேலைத்துண்டுக்குப் போகும், தோல் உரியாது. 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் ரஸ்ஸல் மெரிடித் மெக்னீசியத்தை ஒட்டுவதற்காக ஹீலியம் வாயுவையும் டங்ஸ்டனையும் வைத்து இந்த முறையை உருவாக்கியபோதே இந்தச் சிக்கல் வந்துவிட்டது. ஏ.சி. இரண்டையும் மாறி மாறிச் செய்கிறது. இன்றைய இன்வெர்ட்டர் மெஷின்களில் எது எவ்வளவு நேரம் என்பதையும் நாமே வைக்கலாம். நெகட்டிவ் 65 முதல் 75 சதவீதம் என்று வைத்துத் தொடங்கினால் சரியாக இருக்கும்.

அப்படியானால் எல்லோரும் ஏ.சி. உள்ளதையே வாங்க வேண்டுமா? "என்றாவது அலுமினியம் அடிப்பேன்" என்பது ஆசை. "கடந்த ஒரு வருடத்தில் அலுமினிய வேலை எத்தனை முறை வந்தது?" என்று கேட்டுக்கொள்வது கணக்கு. பதில் பூஜ்யம் என்றால் டி.சி. போதும். பெடல் சாக்கெட் இல்லாத ஏ.சி. மெஷினுக்கும், பெடல் போடக்கூடிய நல்ல டி.சி. மெஷினுக்கும் நடுவில் தேர்வு செய்ய வேண்டி வந்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். ஏன் என்பதைப் பெடல் பகுதியில் சொல்கிறேன்.

உரசலா, லிஃப்ட்டா, எச்.எஃப்.ஆ

தீக்குச்சி உரசுவது போல டங்ஸ்டனை உரசி ஆர்க் பிடிப்பது பழைய முறை. முனை ஒட்டிக்கொள்ளும், உடையும், டங்ஸ்டன் துணுக்கு வெல்டுக்குள் போய்விடும். வேறு வழி இருக்கும்போது அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

லிஃப்ட் முறையில் முனையை மெதுவாகத் தொட்டு, பட்டனை அழுத்தி, தூக்க வேண்டும். தொட்டிருக்கும் வரை மெஷின் மிகக் குறைந்த கரன்ட்டையே விடும்; தூக்கியதும் ஆர்க் பிடித்துக்கொள்ளும். ஒரு சின்ன வழி இருக்கிறது: கப்பின் விளிம்பை முதலில் தகட்டில் சாய்த்து ஊன்றிக்கொண்டு, மணிக்கட்டை மட்டும் உருட்டி முனையைத் தொட வைத்து எடுங்கள். கை அந்தரத்தில் நடுங்காது, முனையும் மழுங்காது. எம்.எஸ்., எஸ்.எஸ். வேலைக்கு லிஃப்ட் தாராளமாகப் போதும்.

எச்.எஃப். முறையில் தொடவே வேண்டாம். இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே பிடித்து அழுத்தினால் உயர் அதிர்வெண் பொறி தாவி ஆர்க்கைத் தொடங்கிவிடும். முனை சுத்தமாக இருக்கும், எங்கே வேண்டுமோ அங்கேயே தொடங்கலாம். அலுமினிய வேலைக்கு இது அவசியம் என்றே சொல்வேன். இதில் ஒரு தொல்லையும் உண்டு: அந்தப் பொறி பக்கத்திலுள்ள மின்னணுக் கருவிகளைக் கெடுக்கலாம். வண்டியில் வெல்ட் செய்கிறீர்கள் என்றால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, அர்த் கிளாம்ப்பை ஜாயிண்ட்டுக்குப் பக்கத்திலேயே போடுங்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த வெல்டிங் பக்கமும் போகக் கூடாது, எச்.எஃப். என்றால் இன்னும் கவனம்.

பெடலா, பட்டனா

பழகுகிறவர் கைக்கு இருப்பதிலேயே பெரிய வித்தியாசம் இங்கேதான் வரும்.

1.2 மி.மீ. எஸ்.எஸ். குழாயை மூலையில் சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள். முதல் பாதி அழகாகப் போகும். உருகிய குட்டை பட்டாணி அளவில் பளபளவென்று இருக்கும், கம்பியைத் தொட்டுத் தொட்டு எடுப்பீர்கள். ஓரத்துக்கு ஒரு விரல்கடை இருக்கும்போது குட்டை திடீரென்று அகலமாகும். சூடு உங்களுக்கு முன்னாலேயே ஓடிப்போய் ஓரத்தில் நிற்கிறது, அதற்குப் போக இடமில்லை. பெடல் இருந்தால் காலைக் கொஞ்சம் தளர்த்துவீர்கள். குட்டை பழைய அளவுக்குச் சுருங்கும். பட்டன் மட்டும் இருந்தால் இரண்டே வழிதான்: வேகமாக ஓட வேண்டும், இல்லையென்றால் நிறுத்திவிட்டு ஆறிய பிறகு தொடர வேண்டும்.

முடிக்கும் இடத்திலும் இதே கதை. சட்டென்று ஆர்க்கை நிறுத்தினால் குட்டை நடுவில் குழிந்து உறையும். அலுமினியத்தில் அந்தக் குழிக்குள் உற்றுப் பார்த்தால் நட்சத்திர வடிவில் ஒரு மெல்லிய விரிசல் தெரியும். முறிவு அங்கிருந்துதான் தொடங்கும். பெடலில் காலை மெல்ல எடுத்துக்கொண்டே கடைசியாக ஒரு சொட்டுக் கம்பி கொடுத்தால் குழி நிரம்பிவிடும். பட்டனில் இதைச் செய்ய 4டி முறையும் (ஒருமுறை அழுத்தி விட்டால் ஆர்க் ஓடும், மறுபடி அழுத்தினால் முடிக்கத் தொடங்கும்) கரன்ட் படிப்படியாக இறங்கும் அமைப்பும் வேண்டும். இறங்கும் நேரத்தை 3 முதல் 5 விநாடி வைத்துக்கொள்ளலாம்.

பட்டனுக்கும் அதற்கேற்ற இடம் உண்டு. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, ஏணியில் நின்றுகொண்டு, ஒரு சட்டத்தைச் சுற்றி நடந்துகொண்டே வெல்ட் செய்யும்போது பெடலை எங்கே வைப்பது? அங்கே பட்டன்தான். பட்டனில் பழகியவர்களுக்கு நடை வேகம் சீராக அமைந்துவிடும் என்பதையும் பார்த்திருக்கிறேன். காலால் சரிசெய்ய வழியில்லாததால் கை கற்றுக்கொள்கிறது.

இருந்தாலும் பழகும் முதல் ஆறு மாதத்துக்குப் பெடல்தான் என் தேர்வு. சூடு என்ன செய்கிறது என்பதை அது கண்ணெதிரே காட்டிக் கொடுக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: மெஷினில் மேல் வரம்பை 200-இல் வைத்துவிட்டுப் பெடலைத் தொட்டும் தொடாமலும் ஓட்டாதீர்கள். 1.6 மி.மீ. தகட்டுக்கு 65 ஆம்ப் வேண்டுமென்றால் வரம்பை 80-இல் வையுங்கள். பெடலின் முழு ஓட்டமும் அந்த 80-க்குள் விரிந்துவிடும், கால் கொஞ்சம் அசைந்தாலும் கரன்ட் தாவாது.

சிவப்பா, நீலமா

சிவப்பு முனை டங்ஸ்டனில் 2 சதவீதம் தோரியம் இருக்கும். டி.சி.யில் அருமையாக வேலை செய்யும், முனை கூர்மை மாறாமல் நிற்கும். ஆனால் தோரியம் கதிரியக்கப் பொருள். கையில் வைத்திருப்பதைவிட, தீட்டும்போது பறக்கும் தூசியை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. வீட்டு மூலையில், காற்றை உறிஞ்சும் வசதி இல்லாமல் கிரைண்டர் ஓட்டுகிறவருக்கு இது தேவையே இல்லை. 2 சதவீதம் லாந்தனம் கலந்த நீலம் டி.சி., ஏ.சி. இரண்டிலும் நன்றாக ஓடும். சாம்பல் நிறமுள்ள சீரியம் வகை குறைந்த கரன்ட்டில் சுலபமாகத் தொடங்கும். மெல்லிய தகடு மட்டுமே செய்கிறவருக்கு நல்லது. பச்சை, அதாவது தூய டங்ஸ்டன், பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின்களில் அலுமினியம் அடித்த காலத்தோடு போய்விட்டது. நீலத்தை வாங்கிவிட்டு இந்தக் குழப்பத்தை மறந்துவிடுங்கள்.

டி.சி.யில் 150 ஆம்ப் வரை 1.6 மி.மீ. கனம் போதும், அதற்கு மேலும், ஏ.சி. அலுமினியத்துக்கும் 2.4 மி.மீ. வையுங்கள். தீட்டும் கோடுகள் முனையை நோக்கி நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே கோடு விழுந்தால் ஆர்க் அலைபாயும். டங்ஸ்டனுக்கென்று தனியாக ஒரு கல் வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு தீட்டிய கல்லில் தீட்டினால் அந்த அழுக்கு முனையில் ஏறும்.

சாதா கப்பா, கேஸ் லென்ஸா

டார்ச்சுக்குள் டங்ஸ்டனைப் பிடித்திருக்கும் பாகம் காலெட் பாடி. சாதா காலெட் பாடியில் ஆர்கான் சில துளைகள் வழியாகச் சுழன்று வருகிறது. கேஸ் லென்ஸில் மெல்லிய கம்பி வலைகளைத் தாண்டி வருவதால் கலங்காமல் நேராக இறங்குகிறது. முழுக்கத் திறந்த குழாயில் தண்ணீர் சிதறி விழுவதற்கும், வலை போட்ட குழாயில் கண்ணாடித் தண்டு போல இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான். இதனால் டங்ஸ்டனை இன்னும் கொஞ்சம் வெளியே நீட்டலாம், உள்மூலைகளை எட்டலாம், முனை என்ன செய்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். எஸ்.எஸ். வேலைக்கு நான் லென்ஸ் இல்லாமல் உட்காருவதில்லை. வெல்ட் வைக்கோல் பொன் நிறத்தில் வந்தால் காப்பு நன்றாக இருந்தது என்று அர்த்தம். நீலம், ஊதா என்று போகப் போக சூடு அதிகம் அல்லது காற்று பட்டிருக்கிறது. சாம்பல் நிறம் வந்தால் இரண்டுமே மிஞ்சிவிட்டது.

இங்கே நான் பட்ட ஒரு பாட்டைச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ஒரு நாள் முழுக்க வெல்ட் கறுத்துக் கறுத்து வந்தது. கேஸ் போதவில்லை என்று நினைத்து 10 லிட்டரிலிருந்து 20-க்கு ஏற்றினேன், இன்னும் மோசமானது. சின்னக் கப்பில் வேகமாக வரும் ஆர்கான் சுழல ஆரம்பித்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது என்பது அப்போது தெரியாது. அறையில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியின் திசையைத் திருப்பி, கேஸைப் பழைய அளவுக்கு இறக்கியதும் அடுத்த வெல்ட் பளிச்சென்று வந்தது. 7 அல்லது 8 எண் கப்புக்கு நிமிடத்துக்கு 7 முதல் 10 லிட்டர் போதும். கப்பின் எண் என்பது வாயின் விட்டம் ஓர் அங்குலத்தில் பதினாறில் எத்தனை பங்கு என்பது; 8 என்றால் அரை அங்குலம். விசிறியைத் திருப்பலாமே தவிர, மூடிய அறையில் காற்றோட்டத்தையே அடைத்துவிடாதீர்கள். ஆர்கான் காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் சத்தமில்லாமல் தேங்கும்.

தண்ணீரால் குளிரும் டார்ச்சைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 150 ஆம்ப்புக்கு மேல் நிறுத்தாமல் ஓட்டினால் சுகம். மற்றவர்களுக்கு காற்றால் குளிரும் 17 எண் டார்ச், கை வலித்தால் அதைவிடச் சின்ன 9 எண்.

அசிட்டோனா, பிரேக் கிளீனரா

இதில் ஒப்பீட்டுக்கே இடமில்லை. சில பிரேக் கிளீனர்களில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும். ஆர்க்கின் சூடும் புற ஊதாக் கதிரும் பட்டால் அது ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் வெல்டிங் மேஜைப் பக்கம் அது வர வேண்டாம். அசிட்டோனைத் துணியில் நனைத்துத் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு, டப்பாவைத் தூரத்தில் வைத்துவிட்டு ஆர்க் பிடியுங்கள். அதற்கு முன்னால் எம்.எஸ். மேல் இருக்கும் கறுப்புச் செதிலைக் கிரைண்டர் போட்டு வெள்ளி நிறம் தெரியும் வரை எடுக்க வேண்டும். பூச்சுள்ள குச்சியால் செய்யும் ஸ்டிக் வெல்டிங் அந்தச் செதிலைப் பொறுத்துக்கொள்ளும், டிக் பொறுக்காது. கம்பியையும் துடையுங்கள், துணியில் வரும் கறுப்பைப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

தொட்டு எடுப்பதா, கம்பியைக் கிடத்துவதா

குட்டையின் முன் ஓரத்தில் கம்பியைத் தொட்டுத் தொட்டு எடுத்தால் அடுக்கி வைத்த காசு போல வரி வரியாக வரும். கம்பியை ஜாயிண்ட்டிலேயே கிடத்தி, குட்டையை அதன் மேல் நகர்த்திக்கொண்டு போனால் வரி குறைந்து வழவழப்பாக இருக்கும். இடைவெளி ஒரே சீராக உள்ள இடத்தில் கிடத்துவது வேகமானது. இடைவெளி கூடிக் குறையும் இடத்தில் தொட்டு எடுப்பதே கைகொடுக்கும், ஏனென்றால் எங்கே எவ்வளவு கம்பி என்பதை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். எதுவானாலும் கம்பியின் சூடான நுனியைக் கேஸ் விழும் வட்டத்தை விட்டு வெளியே இழுக்காதீர்கள். வெளியே போன நுனி ஆக்சைடு ஏறித் திரும்பி வந்து குட்டையைக் கெடுக்கும்.

அலுமினியக் கம்பியில் 4043, 5356 இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், குணம் வேறு. 4043-இல் சுமார் 5 சதவீதம் சிலிக்கான். தண்ணீராக ஓடும், விரிசல் குறைவு, பழகுவதற்கு இதுதான். ஆனால் பிறகு அனோடைஸ் செய்தால் (மின்சாரத்தால் ஆக்சைடு பூச்சு ஏற்றினால்) வெல்ட் மட்டும் கரும் சாம்பலாகத் தெரியும். 5356-இல் சுமார் 5 சதவீதம் மெக்னீசியம். பலம் கூடுதல், அனோடைஸ் நிறம் ஒத்துப்போகும், விறைப்பாக இருப்பதால் விரல்களால் தள்ளுவதும் சுலபம். தொடர்ந்து 65 டிகிரிக்கு மேல் சூட்டில் இருக்கும் பாகத்துக்கு மட்டும் அதைப் போடக் கூடாது. 6061 ரக அலுமினியத் தகட்டைக் கம்பியே இல்லாமல் உருக்கிச் சேர்த்தால் அது பெரும்பாலும் விரிசல் விடும், எந்தக் கம்பியானாலும் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். இரண்டு வகையையும் வாங்கினால் உறையிலிருந்து எடுத்த உடனேயே கம்பியின் ஒரு முனையில் பெயிண்ட்டால் அடையாளம் போட்டுவிடுங்கள். மேஜையில் கலந்த பிறகு கண்ணால் பிரிக்க முடியாது.