உப்பு ஜாடியா, மோர் மிளகாயா, எண்ணெய் ஊறுகாயா?

பெர்மாகல்ச்சர் முறையில், அதாவது இயற்கையைப் பார்த்துப் பல செடிகளைக் கலந்து நட்டு, தோட்டம் போட்டவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. வாழை நிழலில் இஞ்சி, வேலியோரம் சுண்டை, நடுவில் எலுமிச்சை, இடைவெளியெல்லாம் மிளகாய் என்று கலந்து நட்டால் எதுவும் மூட்டையாக வராது. இன்று ஒரு கை மிளகாய், நாளை நாலு எலுமிச்சை, மறுநாள் ரெண்டு முள்ளங்கி. சந்தைக்குக் கொண்டுபோக இது போதாது, அன்றைக்கே சமைத்துத் தீர்க்கவோ அதிகம். இந்த முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் ஹோம்கிரென் வகுத்த 12 கொள்கைகளில் இரண்டாவது, ஆற்றலைப் பிடித்துச் சேமித்து வை என்பது. மழைநீருக்கு அதைச் சொல்லும் நாம் சமையலறைக்கும் சொல்ல வேண்டும். ஆனால் எதில் சேமிப்பது?

எண்ணெய் ஊறுகாய் எல்லோருக்கும் பிடித்தது, சீக்கிரம் கெடாது. ஆனால் ஒரு கிலோ ஆவக்காய்க்குக் கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர் வரை நல்லெண்ணெய் வேண்டும். சொந்தமாக எள் விதைத்துச் செக்கில் ஆட்டுகிறவர்கள் எத்தனை பேர்? தோட்டத்தில் மிச்சம் பிடித்த காசு எண்ணெய்க் கடைக்குப் போய்விடும். அதோடு, இதில் காயைக் காப்பாற்றுவது உப்பும் புளிப்பும்தான். எண்ணெய் மேலே நின்று காற்றைத் தடுக்கிறது, அவ்வளவே. பச்சைப் பூண்டைப் புளிப்பே சேர்க்காமல் எண்ணெயில் போட்டு வெளியில் வைத்தால் பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நச்சை ஒருவகைக் கிருமி உருவாக்க வாய்ப்புண்டு. காற்றில்லாத இடம்தான் அந்தக் கிருமிக்குத் தோது. எலுமிச்சைச் சாறோ புளியோ தாராளமாக இருந்தால் அது தலையெடுக்காது.

மோர் மிளகாய்க்குச் செலவு குறைவு, வேலை அதிகம். மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ரெண்டு மூன்று நாள் ஊறவிட வேண்டும். அப்புறம் பகலில் வெயிலில் காயவைத்து, சாயங்காலம் மறுபடி அதே மோரில் போட வேண்டும். மோர் முழுக்க உள்ளே இறங்கும்வரை இதே ஓட்டம்தான். கடைசியில் காம்பைப் பிடித்து ஆட்டினால் விதை கலகலக்க வேண்டும். வீட்டில் மாடு இருந்தால் இதைவிட மலிவான சேமிப்பு கிடையாது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் குட்டையான குட மிளகாயில் (கறிக்குப் போடும் பெரிய குடமிளகாய் அல்ல) செய்தால் தயிர்சாதத்துக்கு வேறெதுவும் தேவையில்லை. ஆனால் சித்திரை வெயிலில் சுலபமாக முடிகிற காரியம், ஐப்பசி அடைமழையில் பூஞ்சணம் பூத்துக் குப்பைக்குப் போகும். மிளகாயும் ஒரே ஈடாக ஒரு கூடை வேண்டும். இரண்டுமே கலப்புத் தோட்டத்துக்கு ஒத்துவராத நிபந்தனைகள்.

உப்பு ஜாடிக்கு இந்தக் கெடுபிடி இல்லை. எனக்குப் பிடித்ததும் இதுதான். இதிலேயே ரெண்டு வகை. முதலாவது நம் பாட்டிமார் கை: மாவடு, நார்த்தங்காய், எலுமிச்சை. வடுவை விளக்கெண்ணெய் தடவிக் கல் உப்பில் புரட்டி வைத்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே காயிலிருந்து நீர் விட்டு, தோல் சுருங்கி, தன் சாற்றிலேயே மூழ்கிவிடும். தினம் ஒருமுறை குலுக்கினால் போதும். எலுமிச்சை ஜாடி இன்னும் தாராளம்: பிழிந்த மூடிகளைக்கூட அவ்வப்போது உள்ளே போட்டு உப்பைத் தூவிக்கொண்டே போகலாம். தினம் கைப்பிடி விளையும் தோட்டத்துக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை.

இரண்டாவது வகை, இளம் உப்புநீர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் கல் உப்பு. நம்மூர்க் கோடைக்கு 40 வரை போகலாம். முள்ளங்கி, கேரட், வெள்ளரிப் பிஞ்சு, மாங்காய் இஞ்சி எதையும் நறுக்கி, நீருக்குள் முழுக்க அமுங்கும்படி மேலே ஒரு கனம் வைக்க வேண்டும். காயிலேயே ஒட்டியிருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். குளிர் நாடுகளில் வாரக்கணக்கில் ஆவது இங்கே நாலைந்து நாளில் புளித்துவிடும். குமிழி வரும், நீர் கலங்கும். அது நல்ல அறிகுறி. மூடியை இறுக்கிவிட்டால் வாயு சேர்ந்து ஜாடி வெடிக்கும். மேலே தட்டையாக வெள்ளை ஆடை படிந்தால் வழித்து எறியலாம். பஞ்சு மாதிரி, பச்சையோ கறுப்போ பூத்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். (கொரிய ஊறுகாயான கிம்ச்சிக்குத் தனிப் பொடி தேடி இணையத்தில் அலைகிறவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.)

குறை இல்லாமல் இல்லை. இளம் உப்புநீர்க் காய் புளித்ததும் குளிர்பெட்டிக்குப் போயாக வேண்டும், இல்லையென்றால் கொழகொழத்துவிடும். மாவடு வெளியிலேயே மாதக்கணக்கில் நிற்கும், ஆனால் உப்பு அதிகம். ரத்த அழுத்தக்காரர்கள் வீட்டில் மோர் மிளகாயையும் சேர்த்தே அளந்துதான் வைக்க வேண்டும்.

வருஷம் முழுக்க உப்பு ஜாடி, பங்குனி சித்திரையில் மிளகாய் குவிந்தால் மோர், விருந்தாளிக்காக ஒரே ஒரு சின்ன பாட்டில் எண்ணெய் ஊறுகாய். என் கணக்கு இதுதான். ஜாடி காலியானதும் மிஞ்சும் புளித்த நீரில் ரெண்டு கரண்டியை அடுத்த ஈட்டுக்கு உறையாக ஊற்றலாம், மிச்சத்தை ரசத்தில் சேர்க்கலாம். எதையும் வீணாக்கக்கூடாது என்ற ஆர்வத்தில் செடிக்கு மட்டும் ஊற்றிவிடாதீர்கள். உப்பு ஏறினால் மண் கெட்டுவிடும்.