வைரம் என்று சொல்லி 6,800 வெள்ளி (ரிங்கிட்): நிச்சய மோதிரம் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

போன சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி வரை எனக்கு நிச்சயமான பெண்ணின் விரலில் இருந்தது அரை காரட் வைரம். மூன்றே காலுக்கு அது வைரம் இல்லை. 6,800 வெள்ளி. செம்பனை மில்லில் எட்டு மாதம் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு.

கடைப் பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அதற்குள் பெயரைப் போட்டு நானே வம்பில் மாட்டிக்கொள்ள வேண்டாம். ராத்திரி நேரலையில் உட்கார்ந்து நகை காட்டி விற்பார்களே, அந்த மாதிரி ஆள். மாடியில் சின்னக் கடை ஒன்றும் உண்டு. நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். இங்கே தோட்டத்து ஜனங்களுக்கு நகை என்றால் தங்கம், 916, அவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் யாரும் வைரம் வாங்கியதில்லை. அம்மா கேட்டதும் சொன்னார், "வைரமெல்லாம் நமக்கு எதுக்குய்யா? ஒரு பவுன்ல மோதிரம் போடு. நாளைக்கு ஒரு கஷ்டம்னா அடகுக் கடையில வச்சாலும் காசு." நான் கேட்கவில்லை. எனக்கு நிச்சயமான பெண்ணின் அக்காவுக்கு வைர மோதிரம் போட்டிருந்தார்கள். நானும் போடலாமே என்று ஒரு ரோஷம்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவன் இல்லை நான். இரண்டு மாதம் படித்தேன். கட் (பட்டை தீட்டிய விதம்), கலர், கிளாரிட்டி (கல்லின் தெளிவு), காரட் (எடை) என்று நாலையும் படித்தேன். கலர் டி-யில் ஆரம்பித்து இசட் வரை போகும், ஏ பி சி கிடையாது என்பது வரை தெரியும். ஒரு காரட் என்பது 0.2 கிராம். அதாவது நான் 6,800 வெள்ளி கொடுத்து வாங்க நினைத்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு எடையுள்ள கல்லை. வைரத்தைச் சோதித்துத் தரம் சொல்லும் ஜிஐஏ என்ற அமெரிக்க நிறுவனத்தின் சான்றிதழ் இல்லாமல் வாங்கக் கூடாது என்றும் முடிவு செய்திருந்தேன்.

கடைக்குப் போனதும் கடைக்காரர் முதலில் டீ வரவழைத்தார். "எங்கப்பாவும் பால்மரம் சீவுனவருதான் தம்பி, உங்ககிட்ட லாபம் பார்ப்பேனா?" என்றார். இப்போது எழுதும்போதே வயிறு எரிகிறது. இனிமேல் அவன் என்றுதான் எழுதுவேன்.

நான் எங்கே விழுந்தேன் என்று சரியாகச் சொல்கிறேன். ஜிஐஏ சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தான். 0.50 காரட், கலர் ஜி, கிளாரிட்டி விஎஸ்1. "என் போன் வேணாம் தம்பி, உங்க போன்லயே நம்பரைப் போட்டுப் பாருங்க" என்றான். போட்டேன். ஜிஐஏவின் சொந்த இணையதளத்தில் எல்லாம் அப்படியே வந்தது. எடை சரி, கலர் சரி, அளவு சரி. அப்புறம் பேனா மாதிரி ஒரு கருவியை என் கையிலேயே கொடுத்து, "நீங்களே வைங்க" என்றான். கல் மேல் வைத்ததும் பீப் என்று சத்தம், லைட் ஏறியது. என் போன், என் கை. இதற்கு மேல் ஒருவன் என்ன சோதிப்பான் என்று நினைத்தேன்.

சான்றிதழ் அசல்தான். இப்போதும் அசல்தான். அது வேறு ஏதோ கல்லின் சான்றிதழ், அவ்வளவுதான்.

அம்மா போனில் சொல்லியிருந்தார், வைரத்தை வாங்குமுன் மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும், ராசி இருக்கிறதா என்று. கூச்சத்தோடுதான் கேட்டேன். சிரித்தான். "அதெல்லாம் பாட்டி காலம் தம்பி. இது லேப்ல டெஸ்ட் பண்ண கல்லு." நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அந்த மூன்று நாள் கிடைத்திருந்தால் ஈப்போவுக்கு ஒரு நடை போய்க் காட்டியிருப்பேன். அட்வான்ஸ் 1,000. மிச்சம் 6,000ஐ கார்டில் போடுகிறேன் என்றதற்கு, டிரான்ஸ்பர் செய்தால் விலையில் 200 குறைப்பதாகச் சொன்னான். 7,000 அப்படித்தான் 6,800 ஆனது. போன கணக்கு கடைப் பெயரில் இல்லை, ஒரு பெண் பெயரில். "வீட்டம்மா கணக்கு" என்றான்.

பரிசம் நல்லபடியாக நடந்தது. மோதிரம் கொஞ்சம் லூசு. அதைச் சின்னதாக்கத்தான் சனிக்கிழமை இருவரும் ஈப்போவில் ஒரு பட்டறைக்குப் போனோம். பட்டறைப் பெரியவர் கண்ணில் லூப்பை, அதாவது நகைக்காரர்களின் பூதக்கண்ணாடியை, வைத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அப்புறம் லூப்பை என்னிடம் கொடுத்து, "மேலேர்ந்து பாக்காதீங்க, கொஞ்சம் சாய்ச்சு உள்ள பாருங்க. கோடெல்லாம் ரெட்டை ரெட்டையா தெரியுதா?" என்றார். தெரிந்தது. வைரத்தில் அப்படித் தெரியாது. இது மொய்சனைட், வைரம் மாதிரியே மின்னும் வேறு கல்.

அவர் சொல்லித்தான் புரிந்தது. அந்தப் பேனாக் கருவி பார்ப்பது சூடு எவ்வளவு வேகமாகக் கடந்து போகிறது என்பதை. மொய்சனைட்டும் கிட்டத்தட்ட வைரம் மாதிரியே சூட்டைக் கடத்தும். அதனால் அதற்கும் பீப் அடிக்கும். மின்சாரத்தையும் சேர்த்துப் பார்க்கும் கருவி இருந்தால்தான் பிரித்துச் சொல்லும். சான்றிதழில் இன்ஸ்கிரிப்ஷன் என்று ஒரு வரி இருந்தது, அதில் ஒரு நம்பர். அந்த நம்பர் கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரில் பொறித்திருக்க வேண்டுமாம். அவர் சுற்றிச் சுற்றித் தேடினார், இல்லை. "தங்கம் நல்ல தங்கம், 750தான். கல்லுதான் கல்லு இல்ல" என்றார். மோதிரத்தைச் சின்னதாக்கக் காசு வாங்கவில்லை. அது இன்னும் அவமானமாக இருந்தது.

மொய்சனைட் கெட்ட கல் இல்லை. மொய்சனைட் என்று சொல்லி அதன் விலைக்கு விற்றிருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். நல்ல மினுக்கு.

வெளியே வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

சனிக்கிழமை சாயங்காலமே கடைக்காரனுக்குப் போன் போட்டேன். "அப்படியா தம்பி? கொண்டு வாங்க, பாத்துடலாம்." ஞாயிறு போனால் கடை பூட்டு. திங்கள் போனால் கவுண்டரில் இருந்த பெண், "பாஸ் சரக்கு எடுக்க இந்தியா போயிருக்காரு, அடுத்த வாரம்தான்" என்றாள். அன்று ராத்திரி எட்டரைக்கு அதே பாஸ், அதே மேசை, அதே நீல வெல்வெட் தட்டு, நேரலையில்! "6,800 வெள்ளி என்னாச்சு அண்ணே?" என்று எழுதினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பிளாக்.

செவ்வாய்க்கிழமை ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு நேராகப் போய் நின்றேன். டீ இல்லை. "எங்க கடையை விட்டுப் போறப்ப வைரம்தான் தம்பி. நடுவுல யார் கையில குடுத்தீங்களோ." அதாவது அந்தப் பெரியவர் கல்லை மாற்றிவிட்டாராம், அல்லது நானே மாற்றிவிட்டேனாம். ரசீதை நீட்டினேன். அதைத் திருப்பி என்னிடமே காட்டினான். மலாயில் 'சின்சின் 750, பத்து 1' என்று இருக்கிறது. சின்சின் என்றால் மோதிரம், 750 தங்கத்தின் தரம், பத்து என்றால் கல். வைரத்துக்கான மலாய்ச் சொல் 'பெர்லியான்' எங்கேயும் இல்லை. வாங்கின அன்றைக்கு எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. கடைசியில் பெரிய மனது பண்ணி, மோதிரத்தை 1,500க்கு எடுத்துக்கொள்வதாகவும், மேலே 2,000 போட்டால் வேறு மோதிரம் தருவதாகவும் சொன்னான். 6,800 கொடுத்தவன் இன்னும் 2,000 கொடுக்க வேண்டுமாம்.

அவன் மறந்துபோனது ஒன்று. வாங்குமுன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் "ஒரிஜினல் வைரம் தம்பி, ஜிஐஏ" என்று அவன் குரலிலேயே இருக்கிறது. பிளாக் பண்ணினாலும் என் போனில் இருக்கிறது.

வாங்கப் போகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், நேரமில்லை. சான்றிதழ் நம்பரை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள், கல்லின் விளிம்பில் அதே நம்பரை லூப்பில் காட்டச் சொல்லுங்கள், காட்டாவிட்டால் நடையைக் கட்டுங்கள். பீப் சத்தத்தை நம்பாதீர்கள். ரசீதில் வைரம், காரட், சான்றிதழ் நம்பர் மூன்றும் எழுதி வாங்குங்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் போடாதீர்கள். இன்னொரு கடையில் காட்ட இரண்டு நாள் விட மாட்டேன் என்றால் வேண்டாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம். நானும் அங்கே போக வருகிற திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டிருக்கிறேன். அவனிடம் வாங்கிய வேறு யாராவது இருந்தால் மோதிரத்தைச் சாய்த்துப் பாருங்கள், கோடு ரெட்டையாகத் தெரிந்தால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், சேர்ந்து போகலாம். ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு.