பிராக்கில் ஒரு மாலை: பப் கிரால், பீர் நடை, சொந்தக் கால் – எது நல்லது?

ஜெர்மனியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் கிடைத்தால், முதலில் டிக்கெட் பார்ப்பது செக் நாட்டின் தலைநகர் பிராக்குக்குத்தான். டிரெஸ்டனில் ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். கோட்டை, சார்லஸ் பாலம், கடிகாரம் எல்லாம் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். என்னிடம் வந்து கேட்பது ஒன்றே ஒன்று: "அண்ணா, அந்த பப் கிராலுக்குக் காசு கட்டலாமா?"

காசு வாங்கிக்கொண்டு ஒரு கூட்டத்தை இரவில் பார் பாராகக் கூட்டிப்போவதுதான் பப் கிரால். நான் அதில் போயிருக்கிறேன். உள்ளூர் வழிகாட்டி நடத்தும் பீர் நடையிலும் போயிருக்கிறேன். அதற்கப்புறம் நாலைந்து தடவை யாருடைய துணையும் இல்லாமல் நானே சுற்றியிருக்கிறேன். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்கிறேன். மதுவே வேண்டாம் என்பவருக்கும் இதில் ஒரு பகுதி உண்டு.

கூட்டத்தோடு போகும் பப் கிரால்

இது நடக்கும் விதம் ஐரோப்பா முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். பழைய நகரச் சதுக்கத்தின் பக்கம் ஒரு பாரில் கூடச் சொல்வார்கள். கையில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். முதல் ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் பீரும் வோட்காவும் அளவில்லாமல் கிடைக்கும். அப்புறம் மூன்று பார்கள், ஒவ்வொன்றிலும் உள்ளே நுழைந்ததும் ஒரு ஷாட். கடைசியில் ஒரு பெரிய கிளப். அதன் நுழைவுக் கட்டணமும் சேர்த்தி. மொத்தம் 25 முதல் 30 யூரோ.

இதன் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். தனியாக வந்தவருக்கு இது பெரிய உதவி. ஹாஸ்டல் அறையில் போனைப் பார்த்துக்கொண்டு கிடப்பதற்குப் பதில், ஒரு மணி நேரத்தில் பிரேசில், அயர்லாந்து, கொரியா என்று பத்துப் பேர் பழக்கமாகிவிடுவார்கள். கூச்ச சுபாவம் உள்ளவருக்கும் பேச்சு வந்துவிடும். எனக்கு அங்கே கிடைத்த போர்ச்சுகல் நண்பர் ஒருவர் இன்றும் பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புகிறார். அந்த ஒரு காரணத்துக்காகவே அந்த இரவை முழுக்கத் தள்ளிவிட மனம் வரவில்லை.

சிக்கல் அந்த 'அளவில்லாமல்' என்ற சொல்லில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 சதவீத பீர் அரை லிட்டரில் சுத்தமான ஆல்கஹால் 25 மில்லி. செக் நாட்டு ஷாட் 40 மில்லி. அது 40 சதவீத வோட்காவாக இருந்தால் 16 மில்லி ஆல்கஹால். கொடுத்த காசை எடுக்க வேண்டும் என்று முதல் மணியில் மூன்று பீர், இரண்டு ஷாட் என்று போட்டால் நூறு மில்லியைத் தாண்டிவிடும். உடம்பு அதை வெளியேற்ற அந்த இரவு முழுக்கப் போதாது. இன்னும் மூன்று பார் பாக்கி.

என்னோடு வந்த நண்பனுக்கு அதுதான் நடந்தது. இரண்டாவது பாரில் முகம் கழுவக் கழிவறைக்குப் போனான். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அதற்குள் கூட்டம் கிளம்பிவிட்டது. ஆளைக் காணவில்லை என்று வழிகாட்டியிடம் சொன்னேன். அடுத்த பாரின் பெயர் நோட்டீஸில் இருக்கிறது, வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டு நடந்தார். நாற்பது பேரை ஒருவர் மேய்த்துப் போகும்போது அவரால் வேறென்ன செய்ய முடியும் என்று இப்போது புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. திரும்பி ஓடினேன். அவன் வாசல் படியில் ஒரு ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குளிர் நான்கு டிகிரி. லசார்ஸ்கா நிறுத்தம் வரை கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போய், இரவு டிராம் பிடித்து அறைக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். பிராக்கின் இரவு டிராம்கள் எல்லாம் அந்த நிறுத்தத்தில்தான் சந்திக்கின்றன என்பது அன்று தெரிந்துகொண்ட பாடம்.

இன்னொன்று இருக்கிறது, இதுதான் முக்கியம். 2024 அக்டோபரில் பிராக் நகர நிர்வாகம், நிறுவனங்கள் நடத்தும் பப் கிரால்களை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தடை செய்தது. பழைய நகரத்தில் குடியிருப்பவர்கள் பல வருடங்களாகப் போராடிப் பெற்றது அது. த்லௌஹா தெருவைச் சுற்றி பார்களுக்கு மேல் மாடியிலேயே குடும்பங்கள் வாழ்கின்றன. நள்ளிரவில் நாற்பது பேர் ஜன்னலுக்குக் கீழே பாடிக்கொண்டு போனால் தொட்டில் குழந்தை எப்படித் தூங்கும்? நானும் அப்படிப் பாடிக்கொண்டு போன கூட்டத்தில் ஒருவன்தான். இன்றைக்கு அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

நண்பர்களோடு நீங்களாகப் பத்து மணிக்கு மேல் பப்புக்குப் போவதற்குத் தடை எதுவும் இல்லை. கூட்டம் சேர்த்துக் கூட்டிப்போகும் வியாபாரத்துக்குத்தான் தடை. ஆனால் பப் கிரால் சூடு பிடிப்பதே பத்து மணிக்கு மேல்தான். அதனால் பிராக்கில் இப்போது யாராவது நள்ளிரவு வரை என்று டிக்கெட் விற்றால், காசு கொடுப்பதற்கு முன் நேரத்தைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வழிகாட்டியோடு பீர் நடை

பெயரளவில் இதுவும் பார் பாராகப் போவதுதான். ஆனால் அனுபவம் வேறு. ஆறிலிருந்து பத்துப் பேர். மாலை ஐந்து மணி வாக்கில் தொடங்கி எட்டரைக்குள் முடிந்துவிடும். மூன்று அல்லது நான்கு இடம், ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து ஒரு கிளாஸ். விலை பப் கிராலைப் போல இரண்டு மடங்கு வரை ஆகும். குடிக்கும் அளவோ அதில் பாதிகூட இருக்காது. 'அளவு குறைவு, காசு அதிகம், இது என்ன நியாயம்?' என்று நானும் முதலில் நினைத்தேன்.

எதற்குக் காசு என்று பீர் ஊற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தபோது புரிந்தது. ஊற்றுபவர் கிளாஸை முதலில் குளிர்ந்த நீரில் முக்கி எடுத்தார். குழாயின் கைப்பிடி நம் ஊர்க் குழாய் மாதிரி பக்கவாட்டில் திரும்புகிறது. கொஞ்சம் திறந்தால் நுரை, முழுக்கத் திறந்தால் பீர். முதலில் நுரையைக் கிளாஸின் அடியில் விட்டார். பிறகு குழாய் முனையை அந்த நுரைக்குள் நுழைத்து, அதன் அடியில் பீரை நிரப்பினார். நுரை தூக்கிக்கொண்டு மேலே வந்து, தயிர் ஆடை மாதிரி மூன்று விரல் கனத்துக்கு நின்றது. காற்று படாமல் மூடி வைப்பதால் கசப்பும் வாசமும் கெடாதாம். இதற்கு ஹ்லாடின்கா என்று பெயர். நுரை அதிகமாகவும் பீர் குறைவாகவும் ஊற்றினால் ஷ்னித். முழுக்க முழுக்க நுரையாக ஊற்றினால் மிலீகோ, அதாவது பால். அதை ஒரே மூச்சில் குடிக்க வேண்டும், இனிப்பாக இருக்கிறது. ஒரே பீப்பாய், ஒரே குழாய், மூன்று ருசி. வழிகாட்டி சொல்லாவிட்டால் நுரை அதிகம் ஊற்றி ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துச் சண்டைக்குப் போயிருப்பேன்.

மெனுவில் பீர் பெயருக்குப் பக்கத்தில் 10 டிகிரி, 12 டிகிரி என்று போட்டிருக்கும். அது ஆல்கஹால் சதவீதம் என்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள். கும்பகோணம் டிகிரி காபிக்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். இங்கே டிகிரிக்கு ஒரே விளக்கம்தான்: நொதிக்க வைப்பதற்கு முன் அந்தச் சாற்றில் முளைகட்டிய பார்லியான மால்ட்டிலிருந்து இறங்கிய சர்க்கரை முதலான சத்து எவ்வளவு என்பது. இந்த அளவுமுறையை 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த பாலிங் இதே பிராக்கில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர். பத்து டிகிரி பீரில் ஆல்கஹால் சுமார் 4 சதவீதம், பன்னிரண்டில் சுமார் 5.

பில்ஸ்னர் என்று உலகமெல்லாம் விற்கும் பொன்னிற பீர் பிறந்ததும் இந்த நாட்டில்தான். பிராக்குக்குத் தென்மேற்கே பில்சன் நகரம். 1842-இல் ஜோசப் க்ரோல் என்ற பவேரியாக்காரர் அங்கே முதல் முறையாகக் காய்ச்சினார். ஆண்டுக்குத் தலைக்கு எவ்வளவு பீர் குடிக்கிறார்கள் என்ற கணக்கில் செக் நாடு பல வருடங்களாக உலகில் முதலிடம். ஆனாலும் உள்ளூர்க்காரர் யாரும் அவசரமாகக் குடித்து நான் பார்த்ததில்லை. இந்த நடையில் என் மனதில் தங்கியது அந்த நிதானம்தான்.

குறை ஒன்று உண்டு. வழிகாட்டியைப் பொறுத்துத்தான் எல்லாம். மனப்பாடமாக ஒப்பிப்பவர் கிடைத்தால் மூன்று மணி நேரமும் வகுப்பறை மாதிரி ஆகிவிடும். போய் வந்தவர்கள் எழுதியதைப் படித்து, குழு எத்தனை பேர் என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். பத்துக்கு மேல் என்றால் வேண்டாம்.

பெண்களுக்கு இதில் இன்னொரு நிம்மதி. தனியாகப் பயணம் செய்யும் என் அலுவலகத் தோழி இரண்டிலும் போனவர். பப் கிராலில் கிளாஸைக் கையைவிட்டு வைக்காமல் காவல் காத்ததிலேயே பாதி இரவு போனது, பீர் நடையில் அந்தக் கவலையே இல்லை என்றார்.

சொந்தக் காலில்

செலவில் இதை எதுவும் மிஞ்ச முடியாது. சுற்றுலாத் தெருக்களைவிட்டுத் தள்ளி வந்தால் அரை லிட்டர் பீர் 60–70 கொரூனா. ஒரு யூரோ சுமார் 25 கொரூனா. இரண்டு பீர், ஒரு சைடிஷ் எல்லாம் சேர்த்து 12 யூரோவுக்குள் மாலை முடிந்துவிடும்.

எங்கே போவது? ஹுசோவா தெருவில் 'உ ஸ்லாத்தேஹோ திக்ரா', தங்கப் புலி. எழுத்தாளர் போஹுமில் ஹ்ராபல் பல வருடங்கள் வழக்கமாக வந்து உட்கார்ந்த இடம். 1994 ஜனவரியில் அதிபர் ஹாவெல் அமெரிக்க அதிபர் கிளிண்டனை இங்கேதான் கூட்டிவந்தார். பிற்பகல் மூன்று மணிக்குத் திறக்கும். அதற்கு முன்பே வாசலில் வரிசை நிற்கும். மாலையில் போனால் வாடிக்கையாளர்கள் எல்லா இடத்தையும் பிடித்திருப்பார்கள். கோட்டைப் பக்கம் என்றால் லோரெட்டா சதுக்கத்தில் 'உ செர்னேஹோ வோலா', கறுப்புக் காளை. 22-ஆம் எண் டிராமில் போஹோர்ஷெலெட்ஸ் இறங்கினால் பக்கம்தான். நீள மேசைகள், சீக்கிரமே மூடிவிடுவார்கள். வெயில் காலத்தில் லெட்னா பூங்காவின் மேட்டில் உட்கார்ந்தால், கீழே வல்தவா ஆறும் பாலங்களும் வரிசையாகத் தெரியும்.

இந்த வழியில் உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை, அதனால் சில பழக்கங்களைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. காலியாக இருக்கும் நாற்காலியில் சட்டென்று உட்காராதீர்கள், "யே து வொல்னோ?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டையை மேசையில் முன்னால் எடுத்து வைத்தாலே பீர் வேண்டும் என்று பொருள். பழைய பாணிக் கடைகளில் ஒரு துண்டுச் சீட்டை வைத்து, ஒவ்வொரு பீருக்கும் ஒரு கோடு போடுவார்கள். அதுதான் உங்கள் கணக்கு, கிழிக்கவோ கிறுக்கவோ கூடாது. கிளாஸ் காலியாவதற்குள் அடுத்தது வந்துவிடும். போதும் என்றால் வாய்திறந்து சொல்ல வேண்டும். கிளம்ப "சப்லாதீம்" என்றால் கணக்கு வரும். மிச்சப் பீரைப் புதுக் கிளாஸில் ஊற்றினால் பக்கத்து மேசைக்காரருக்கே மனசு கேட்காது.

இறைச்சி வேண்டாம், முட்டை பரவாயில்லை என்றால் பொரித்த பாலாடைக்கட்டி, எண்ணெயில் மிளகாயும் வெங்காயமும் போட்டு ஊறவைத்த ஹெர்மெலின் பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கு அடையான ப்ரம்போராக் எல்லாம் கிடைக்கும். உட்டோபெனெட்ஸ் என்றால் ஊறவைத்த பன்றி இறைச்சித் தொத்திறைச்சி. பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குடிக்காதவர் வெறும் தண்ணீரோடு உட்கார வேண்டியதில்லை. கோஃபோலா என்று ஒரு பானம், கம்யூனிஸ்ட் காலத்தில் கோலாவுக்குப் பதிலாக இவர்களே கண்டுபிடித்தது. மூலிகை வாசத்தோடு, பல இடங்களில் பீர் மாதிரியே குழாயிலிருந்து அரை லிட்டர் கிளாஸில் தருவார்கள். குடிக்காத என் தம்பி அதை வைத்துக்கொண்டு எங்களோடு நான்கு மணி நேரம் சந்தோஷமாக இருந்தான். பப் கிராலில் அவனுக்கு அப்படி ஒரு இடமே கிடைத்திருக்காது.

வாடகைக் கார் எடுத்திருந்தால் அன்றைக்கு அதைத் தொடவே வேண்டாம். செக் நாட்டில் ஓட்டுநரின் ரத்தத்தில் ஆல்கஹால் துளியும் இருக்கக் கூடாது.

யாருக்கு எது

கூட்டம்தான் வேண்டும், தனியாக வந்திருக்கிறேன், வயது இருபதுகளில் என்றால், மாலையிலேயே முடியும் பப் கிரால் பரவாயில்லை. அளவில்லாத அந்த முதல் மணியில் இரண்டு கிளாஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நடுநடுவே தண்ணீர் குடியுங்கள், கூட இருப்பவரை விட்டுப் பிரியாதீர்கள். மற்ற எல்லோருக்கும் நான் சொல்வது இது: இரண்டு இரவு இருந்தால் முதல் மாலை பீர் நடை, இரண்டாம் நாள் அதில் கற்றதை வைத்துச் சொந்தமாக. ஒரே இரவுதான் என்றால் நேராகச் சொந்தக் காலில் போங்கள்.

நான் கடைசியாகப் போனபோது தங்கப் புலி வாசலில் மூன்று மணிக்குப் பத்து நிமிடம் முன்பே நின்றேன். உள்ளே ஓரத்தில் ஒரு பெரியவர் தன் மேல்கோட்டை நாற்காலியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அங்கே உட்காரும்படி தலையசைத்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்குச் செக் தெரியாது. ஒரு அட்டையை எடுத்து என் முன்னால் நகர்த்தி வைத்தார்.